கூடுதலாய் இறங்கிய பெட்டிகள்

நிறுத்தாதீங்க அண்ணே. இன்ஜின் ஓடட்டும். இப்போதுதான் தண்ணீர் பிடித்திருக்கிறது, அதற்குள் ஏன் கை அங்கே போகிறது?

வாடை வருகிறதா? வாய்க்கால் தண்ணீர் அண்ணே, பன்னீரா வரும்? நீங்க இன்ஜின் மெக்கானிக். இன்ஜினில் வாடை வந்தால் சொல்லுங்க, கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் என் பாடு.

அந்த நண்டைத் தூக்கி அந்தப் பக்கம் போடுங்க. தண்ணீர் உறிஞ்சுகிற குழாய் முனையில், ஃபுட்வால்வுக்குள் நண்டு புகுவது இங்கே சகஜம். செத்துக் கிடந்தது என்றால் மாட்டிக்கொண்டு செத்திருக்கும். வேறு எப்படிச் சாகும்?

என்னது, எடுக்கக் கூடாத தண்ணீரா? யார் சொன்னது உங்களிடம்? டீக்கடையிலா. அதானே பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கெல்லாம் ஒரு குளமும் கிடையாது, ஆனால் எல்லாக் குளத்தைப் பற்றியும் தெரியும்.

சரி, உட்காருங்க. குளம் ஒரு சாண் ஏறுகிற வரைக்கும் நான் உங்களை விட மாட்டேன். இன்ஜின் மறுபடி நின்றால் உங்களை எங்கே போய்த் தேடுவது? அதுவரை நானே சொல்லிவிடுகிறேன். டீக்கடைக்காரன் சொன்னதை வைத்துக்கொண்டு என்னைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்காதீங்க. எனக்கு மறைத்துப் பேச வராது. அதனால்தான் ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கெமிஸ்ட்ரி சார் பாடமே நடத்தவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மன்னிப்பு எழுதிக் கொடு என்றார். உண்மையைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு? பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

இது எங்கள் மாமாவுடைய குளம். மேகலா அக்காவின் வீட்டுக்காரர். குவைத்தில் லாரி ஓட்டுகிறார். இந்த இறாலை ஒழுங்காகப் பிடித்து வண்டியேற்றிவிட்டால் அவர் ஊரோடு வந்துவிடுவார். இல்லாவிட்டால் இன்னொரு கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே அரபி முதலாளி காகிதத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். அக்காவுக்குப் பிறந்த பிள்ளை அப்பாவை போனில்தான் பார்த்திருக்கிறது. அவர் பேசினால் போனை நக்குகிறது. அதனால் இந்தக் குளத்தில் இருக்கிறது சும்மா இறால் இல்லை, புரிகிறதா?

போன தடவை நடந்ததை முதலில் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். இறால் குஞ்சு பார்த்திருக்கிறீங்களா? கண் இமை மயிரைப் பிடுங்கித் தண்ணீரில் போட்ட மாதிரி இருக்கும். அதை ஹேச்சரியில் பொரித்து, பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு ஆக்சிஜன் அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து வண்டியில் அனுப்புவார்கள். பைக்கு இத்தனை என்று அவன் சொல்வதுதான் எண்ணிக்கை. யார் எண்ணிப் பார்ப்பார்கள்? மாமா லீவில் வந்திருந்தார். பெட்டியைப் பிரித்தார், பைகளைக் குளத்தில் மிதக்கவிட்டார், சூடம் காட்டினார், திறந்துவிட்டார். பிடிக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை. நோய் இல்லை, செத்து ஒதுங்கவும் இல்லை. வந்ததே குறைச்சல்.

ஹேச்சரி மேனேஜருக்கு போன் பண்ணினால் அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "குளத்துல விட்டுட்டீங்கன்னா நீங்க ஏத்துக்கிட்ட மாதிரி சார். குறைச்சலா இருந்தா டிரைவர் நிக்கும்போதே ஒரு பையை எண்ணிப் பார்த்து, வேணாம்னு மொத்தத்தையும் திருப்பி அனுப்பியிருக்கலாம். இல்ல, வந்த வரைக்கும் எடுத்துக்கிட்டு அதுக்கு மட்டும் காசு குடுத்திருக்கலாம். அந்த உரிமை உங்களுக்கு இருந்துச்சு. இப்ப தண்ணிக்குள்ள இருக்கிறதை நான் எப்படி சார் எண்ணுறது?"

உரிமை இருந்ததாம். இருக்கும்போது சொல்ல மாட்டார்கள், போன பிறகு சொல்வார்கள். மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அப்புறம் விமானம் ஏறிவிட்டார். நான் அந்த மேனேஜர் சொன்னதில் ஒரு வரியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டேன். குளத்தில் விட்டால் ஏற்றுக்கொண்ட மாதிரி.

இந்தத் தடவை குஞ்சு வண்டி வந்த அன்றைக்குப் பார்த்து அக்காவை நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தது. குளத்தில் நான் மட்டும்தான். நான் மாமா மாதிரி இல்லை. வெள்ளை பேசின், டீ வடிகட்டி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பச்சை டேப் ஒட்டிய பெட்டிகளை டிரைவர் இறக்கினான். ஒரு பையை உடைத்து பேசினில் ஊற்றி, வடிகட்டியால் அள்ளி அள்ளி எண்ண ஆரம்பித்தேன்.

டிரைவர் புது ஆள். இந்தப் பக்கம் வந்ததே இல்லை போல. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "என்ன தம்பி, முத்துக் குளிக்கிறியா?" என்றான்.

"எண்ணுறேன்."

"நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது வளந்து உன்னைய எண்ணும்."

நான் அள்ளிக்கொண்டே இருந்தேன். பேசினால் கணக்கு விட்டுப்போகும். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். "குறையுது."

"எவ்வளவு?"

"ஒரு கைப்பிடி."

"ஒரு கைப்பிடிக்கா இந்தப் பாடு?"

"ஒரு பைக்கு ஒரு கைப்பிடின்னா எல்லாப் பைக்கும் சேர்த்து எவ்வளவு? எனக்கு வேணாம். மொத்தத்தையும் ஏத்திட்டுப் போங்க. எனக்கு உரிமை இருக்கு."

உரிமை என்றதும் அவனுக்கு பீடி கசந்துவிட்டது. திருப்பி எடுத்துப் போனால் வெயிலில் பாதி வழியிலேயே எல்லாம் செத்துவிடும், பழி அவன் தலையில் விழும். வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே இன்னொரு அடுக்குப் பெட்டி இருந்தது. மஞ்சள் டேப். ஹேச்சரிக்காரர்கள் வழியில் சாகிறதற்கென்று எப்போதும் கொஞ்சம் போனஸ் குஞ்சு கொடுப்பார்கள், அது இந்தத் தொழிலில் வழக்கம். அவன் அந்த மஞ்சள் டேப் பெட்டிகள் அத்தனையையும் தூக்கிக் கொட்டகை நிழலில் வைத்தான். "இந்தா, போனஸ்னு வச்சுக்க. எல்லாத்தையும் வச்சுக்க. இனிமே குறைச்சல்னு வாயைத் திறக்காதே." வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

குறைச்சலாக இருந்தது ஒரு கைப்பிடி. அவன் இறக்கி வைத்தது இன்னொரு குளம்.

மஞ்சள் டேப் ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அதோ, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெரிகிறதே, தலைமாட்டில் முதல் குளம், அது ராயப்பன் அண்ணனுடையது. மாமாவும் அவரும் சேர்ந்துதான் இந்த வாய்க்காலை வெட்டினார்கள். அவரும் அதே ஹேச்சரியில்தான் குஞ்சு சொல்லி வைத்திருந்தார், அன்றைக்கே வர வேண்டியது என்று எனக்குத் தெரியும். நான் மறைக்கவில்லையே, தெரியும் என்றுதானே சொல்கிறேன். தெரிந்தால் என்ன? பெட்டி மேல் அவர் முகமா ஒட்டியிருந்தது?

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் போன். அதே மரியாதை. "தம்பி, உங்களுக்குக் கூடுதலா லோடு இறங்கிடுச்சான்னு பாருங்க. மஞ்சள் டேப் போட்டது. இருந்தா பிரிக்காதீங்க. உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நீங்க அதைத் தூக்கிட்டு வந்து குடுக்கணும்னுகூட இல்ல, நாங்களே ஆள் அனுப்பி எடுத்துக்குவோம். வேணும்னாலும் எடுத்துக்குங்க, அதே விலை போட்டுக்கலாம். ஆனா எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க தம்பி. சாயங்காலம் வரைக்கும்தான் பையில ஆக்சிஜன் தாங்கும். அதுக்குள்ள அது சேர வேண்டிய இடத்துக்குப் போகணும்."

நான் கொட்டகையைப் பார்த்தேன். பெட்டிகள் நிழலில் அடுக்கி இருந்தன. "எல்லாம் குளத்துல விட்டாச்சு சார்" என்றேன். "பச்சையா மஞ்சளான்னெல்லாம் பார்க்கலை."

அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

பொய்யா? எப்படிப் பொய்யாகும்? அப்போது விடவில்லைதான். ஆனால் அதற்கப்புறம் விட்டுவிட்டேனே. சொன்னதைச் செய்தால் அது எப்படி அண்ணே பொய்?

அக்காவும் கூப்பிட்டாள். "கவி, எல்லாம் சரியா வந்துச்சாடா?"

"சரியா வந்துச்சு. மேலயும் வந்துச்சு."

"மேலன்னா?"

சொன்னேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "நம்ம கேட்டதை மட்டும் எடு. மிச்சத்தைத் தொடாதே. நிழல்ல வச்சுட்டு அவங்களுக்குச் சொல்லிடு. உசுருடா அது, யாரோ அதுக்காகக் குளத்தைக் காய வச்சு, தண்ணி கட்டி, காத்துக்கிட்டு இருப்பாங்க. சொல்லிடுறியா?" அதற்குள் நர்ஸ் யாரோ அதட்டுகிற சத்தம், போன் வைத்துவிட்டாள். இடுப்பு வலியில் இருக்கிறவள் சொல்வதையெல்லாம் கணக்கில் எடுத்தால் வேலை நடக்குமா? மாமா கரையில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். போன தடவை குறைச்சலாக வந்ததற்கு இந்தத் தடவை கூடுதல். ஹேச்சரிக்கும் எங்களுக்கும் நேர் ஆகிவிட்டது. நடுவில் ராயப்பன் அண்ணன் வந்தால் நான் என்ன பண்ணுவது?

எல்லாவற்றையும் விட்டேன். பச்சை, மஞ்சள், எல்லாம். டேப்பை மட்டும் பொறுக்கி எரித்தேன். குப்பை போட்டால் அக்காவுக்குப் பிடிக்காது.

ராயப்பன் அண்ணன் அன்று மத்தியானம் வந்தார். போர்டு மீட்டிங்குக்கு வந்தவர் மாதிரி சட்டையெல்லாம் போட்டு, தலை வாரி. குஞ்சு விடுகிற அன்றைக்கு அவர் அப்படித்தான் வருவார். "வண்டி வந்துச்சாடா கவி?"

"வந்துச்சு, போயிடுச்சு."

"எனக்கு ஏதாச்சும் இறக்கினானா?"

"உங்க கேட் பக்கம் நான் பார்க்கலைண்ணே." அதுவும் உண்மைதான். நான் பார்க்கவே இல்லை.

அவர் தன் கரையில் போய் நின்றார். இருட்டுகிற வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் நின்றார். ஹேச்சரியில் அடுத்த லோடு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் போல. இறாலுக்குத் தண்ணீரில் உப்பு சரியாக இருக்கிற காலம் கொஞ்சம்தான், அதை விட்டால் வருஷம் போயிற்று. அவர் அவசரப்பட்டு, வேதாரண்யம் ரோட்டில் கண்ட வண்டியை நிறுத்தி, யாரோ எந்த ஊரிலிருந்தோ கொண்டு வந்த குஞ்சை வாங்கி விட்டார். சோதனை பண்ணின சீட்டு எதுவும் இல்லாத குஞ்சு. நானா வாங்கச் சொன்னேன்? அப்போதே எனக்குத் தோன்றியது, இவர் இப்படி வாங்கக் கூடாது என்று. சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என்னிடம் கேட்கவில்லையே.

அதற்கப்புறம்தான் அண்ணே அந்த நிற்கிற பழக்கம் வந்தது அவருக்கு. சாயங்காலம் ஆனால் அவர் கரையில் வந்து நின்று என் குளத்தைப் பார்ப்பார். அவர் குளத்தை இல்லை, என் குளத்தை. பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் மட்டும், "உன் குளத்துல கூட்டம் ஜாஸ்தியாத் தெரியுதேடா" என்றார்.

"நல்லாப் பொழச்சிருக்குண்ணே."

"பொழைக்கட்டும். உங்க மாமா வரட்டும்" என்றார். சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உங்க மாமா வரட்டும் என்றால் என்ன அர்த்தம்? வந்தால் சொல்லிக் கொடுப்பேன் என்றுதானே? மனதில் கறுவிக்கொண்டு வெளியே சிரிக்கிற ஆளை நான் நம்ப மாட்டேன். என்னைப் பாருங்க, மனதில் இருப்பது அப்படியே வாயில் வருகிறது.

குளத்துக்கு வருகிறேன். இறால் வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது. ஆனால் ஆக்சிஜன் கலக்கத் தண்ணீரை அடிக்கிற சக்கரம் பழைய எண்ணிக்கைக்குத்தான் போட்டிருக்கிறோம். போன வாரத்திலிருந்து விடிகிற நேரத்தில் வந்து பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மீசை மீசையாக. தண்ணீர் தெரியவில்லை, மீசைதான் தெரிகிறது. மூச்சு முட்டுகிறது அதற்கு. தீவனக் கம்பெனி டெக்னீஷியன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீ விட்டதாச் சொல்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே" என்றார். "பாதியை இப்பவே பிடிச்சு வித்துடு. இல்லன்னா தண்ணியை மாத்து. ரெண்டுல ஒண்ணு சீக்கிரம் பண்ணு. காத்து இல்லாம, மேகம் மூடிக்கிட்டு ஒரு நாள் வந்துச்சுன்னா, மறுநாள் நீ வந்து பார்க்க ஒண்ணும் இருக்காது."

இன்றைக்கு மேகத்தைப் பாருங்க. காலையிலிருந்து ஒரு இலை ஆடவில்லை.

பாதியைப் பிடித்தால் இந்தச் சைஸுக்கு எவன் விலை கொடுப்பான்? அதனால் தண்ணீர் மாற்றுவது என்று முடிவு பண்ணினேன். இன்ஜினைப் போட்டால் அது இருமிவிட்டு நின்றுவிட்டது. அப்புறம்தான் உங்களுக்கு போன் பண்ணி, திருத்துறைப்பூண்டியிலிருந்து வருவதற்குள் நூறு தடவை எங்கே எங்கே என்று கேட்டேன். கோபமா? கோபப்படாதீங்க. நாளைக்கு வந்திருந்தால் உங்களுக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

இப்போது அந்த டீக்கடைக் கதைக்கு வருகிறேன்.

முந்தாநாள் ராயப்பன் அண்ணன் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் வந்து நின்று என்னைக் கத்திக் கூப்பிட்டார். எப்போதும் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து டீ குடிக்கிற ஆள். அன்றைக்கு வரவில்லை. "இங்கே வாங்கண்ணே" என்றேன். "வர மாட்டேன்" என்றார். என் கரையில் கால் வைக்க மாட்டாராம். அவ்வளவு ரோஷம். ஒரு பக்கெட்டில் ஊதாக் கலர் தண்ணீர் கரைத்து வைத்து அதில் காலை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். எங்கேயோ போய் மந்திரித்து வாங்கி வந்த மாதிரி. வலையைக்கூட கையில் தொடாமல் குச்சியில் தொங்கவிட்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பகலில்தான், வெயிலில்தான், இருந்தாலும் அவர் அங்கேயும் நான் இங்கேயும் நிற்க நடுவில் அந்தத் தண்ணீர் ஓடுகிறதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"கவி, காதுல வாங்கு" என்றார். "என் குளத்துக்கு வைரஸ் வந்துடுச்சு. வெள்ளைப்புள்ளி. மருந்து போட்டு தண்ணியை வெளிய விடாமத்தான் வச்சிருந்தேன். ராத்திரி பேஞ்ச மழையில அடைப்பு உடைஞ்சு கொஞ்சம் வாய்க்கால்ல கலந்துடுச்சு. நான் சொல்ற வரைக்கும் வாய்க்கால் தண்ணியை எடுக்காதே. ஒரு சொட்டு எடுக்காதே."

நான் இன்ஜினைத் திரும்பிப் பார்த்தேன்.

"கரையைச் சுத்திக் குறுக்க நெடுக்கக் கயித்தைக் கட்டு. காக்கா என் குளத்துல செத்ததைத் தூக்கிட்டு வந்து உன் குளத்துல போட்டுடும்."

காக்கா நிறையத்தான் இருந்தது. அவர் கரையில் கறுப்பாகத் துணி விரித்த மாதிரி. ஆனால் அவர் கரையில்தானே இருந்தது? என் கரையில் ஒன்றும் இல்லையே அப்போது. அவர் காக்காவுக்கு நான் ஏன் கயிறு கட்ட வேண்டும்?

யோசித்துப் பாருங்க அண்ணே. நான் மட்டும் இல்லை, யாராக இருந்தாலும் யோசிப்பான். என் குளத்துக்கு இப்போது தண்ணீர் வேண்டும், தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். அது தினமும் சாயங்காலம் நின்று பார்க்கிற ஆளுக்குத் தெரியும். தண்ணீர் எடுக்காதே என்று யார் வந்து சொல்கிறார்? அவர். எப்போது வந்து சொல்கிறார்? இப்போது. எத்தனை நாளாகக் காத்திருந்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் பண்ணியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், இதைத்தான் பண்ணியிருப்பேன். அதனால்தான் எனக்கு உடனே புரிந்தது.

"சரிண்ணே" என்று மட்டும் சொன்னேன். சரி என்றால் எடுக்க மாட்டேன் என்று அர்த்தம் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம்.

இன்று காலையில் ஒரு ஐஸ் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு நாகப்பட்டினம் போயிருக்கிறார். விற்கத்தான் போயிருப்பார். அத்தனை சின்னப் பெட்டியில் என்ன விற்க முடியும் என்று கேட்காதீங்க, எனக்கென்ன தெரியும். சோதனைச் சாலைக்கா? அங்கே எதற்குப் போகிறார்? செத்த பிறகு சோதனை பண்ணி என்ன ஆகப்போகிறது. இன்ஜின் சத்தம் கேட்காத தூரத்தில் இருக்கிறார், அதுதான் எனக்கு வேண்டும். அவர் வருவதற்குள் ஒரு சாண் ஏறிவிட வேண்டும்.

நீங்க ஏன் எழுந்துவிட்டீங்க? உட்காருங்க. பாருங்க, இறாலெல்லாம் புதுத் தண்ணீர் விழுகிற இடத்துக்கு எப்படி ஓடி வருகிறது. கும்பல் கும்பலாக. அதற்குத் தெரியும் எது நல்லது என்று. இந்தப் பக்கம் கரையோரம் நிற்கிறதே நாலைந்து, அது சும்மா. ஓரத்தில் ஒன்றிரண்டு எப்போதும் அப்படிச் சோம்பி நிற்கும். சிவப்பாகவா தெரிகிறது? மேகம் மூடியிருக்கிறது, அப்படித்தான் தெரியும். கையில் எடுக்காதீங்க. அட, எடுக்காதீங்க என்கிறேன். போடுங்க அதைத் தண்ணீரில்.

சுண்ணாம்புப் பொட்டு மாதிரி என்றால், ஓட்டில் உப்பு ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீர்தானே.

எவ்வளவு நேரமாக ஓடுகிறது? இல்லை, நீங்க வருவதற்கு முன்னால் நேற்று இன்ஜின் நிற்கிறதற்குள் கொஞ்சம் எடுத்துவிட்டேன். முந்தாநாளும் அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

இவ்வளவு சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் போகிறதற்கு முன்னால் இன்னொன்று சொன்னார். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். வந்து, கத்தாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஒருவேளை நீ முன்னாடியே எடுத்திருந்தா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வண்டி வந்த அன்னிக்கு நடந்ததையும் நான் உன்கிட்ட கேக்கலை, பார்த்தியா. அது மாதிரி இதையும் கேக்க மாட்டேன். எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை மட்டும் போன்ல சொல்லிடு. நான் வந்து உன் வடிகாலை அடைச்சுத் தர்றேன். உனக்குக் கீழ கடல் வரைக்கும் குளமா இருக்குடா, அவங்க எல்லாம் உன் தண்ணியைத்தான் எடுக்கிறாங்க. அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். எந்நேரமா இருந்தாலும் சொல்லு."

நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இருக்கிறது. இதோ, ராயப்பன் அண்ணன் குளம் என்றுதான் போட்டு வைத்திருக்கிறேன். வடிகாலும் திறந்துதான் இருக்கிறது, புதுத் தண்ணீர் ஏற வேண்டும் என்றால் பழையது இறங்கித்தானே ஆக வேண்டும், அதோ கீழே போகிறது பாருங்க.

ஒரு வார்த்தைதான் கேட்டார். நான் சொல்லவில்லை.